கூரையிலிருந்து கணக்குப் போட்டால் வீடு முடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

"இனி இளம் குடும்பங்களால் சொந்தமாக வீடு கட்ட ஏலாது" என்ற பேச்சு, 2022இல் சீமெந்தும் கம்பியும் எட்டாத விலைக்குப் போன நாளிலிருந்து வன்னியில் ஓயவில்லை. விலை ஏறியது மெய். ஆனால் தொடங்கிய வீடுகள் பாதியில் நிற்பதற்கு விலை மட்டும் காரணமல்ல. புதுக்குடியிருப்பிலோ துணுக்காயிலோ அக்கராயனிலோ உள்வீதிக்குள் இறங்கிப் பாருங்கள். சுவர் எழும்பி, கதவு யன்னலுக்கு மேலே லின்ரல் போட்டு, கூரைக்குக் காசில்லாமல் பற்றை முளைத்து நிற்கும் வீடுகள் கண்ணில் படும். அத்திவாரத்தை அளந்தால் எண்ணூறு, தொள்ளாயிரம் சதுர அடி வரும்.

பெண்ணுக்குச் சீதன வீடு என்றால் ஊர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியவேண்டும். "அத்திவாரத்தை இப்பவே அகலமாய்ப் போட்டு வை, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்லப் பெரியவர்கள் இருப்பார்கள். 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்திலும் இதுதான் நடந்தது. 550 சதுர அடி வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்தது. அத்திவாரத்தை அதற்கு மேல் அகட்டியவர்கள் நகையை அடகு வைத்துத்தான் கூரைக்குப் போனார்கள்.

ஆகவே புதிதாகக் கட்டப்போகும் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: எத்தனை சதுர அடிக்குக் கூரை போடக் காசு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்த அளவுக்கு மட்டும் அத்திவாரம் வெட்டுங்கள்.

கூரைச் செலவைத் தீர்மானிப்பது வீட்டின் அகலம். 16 அடி அகல வீட்டுக்கு முகடு சுவரிலிருந்து 4 அடி உயர்ந்தால், 2 அடி தாழ்வாரத்தையும் சேர்த்து முகட்டிலிருந்து சரிந்து இறங்கும் கைமரம் 12 அடி போதும். அகலத்தை 26 அடியாக்கினால் அதே சரிவுக்குக் கைமரம் 17 அடியைத் தொடும். அந்த நீளத்தில் நேரான மரம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் தடிப்புக் கூட வேண்டும், நடுவில் அதைத் தாங்க வளை மரமும், சுவரிலிருந்து சுவருக்குப் போகும் தீராந்தியும் வேண்டும். தரை கூடுவதைவிட வேகமாக மரச் செலவு கூடும். அதனால் 16 அடி அகலத்தை விடாதீர்கள். வீடு வளர்வது நீளப்பாட்டில் வளரட்டும்.

முதற் கட்டத்துக்கு 24 அடி நீளம், 16 அடி அகலம் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு குறுக்குச் சுவர், அதற்கு ஒரு பக்கத்தில் இடைச்சுவரால் பிரித்த அறையும் குசினியும், மறுபக்கம் விறாந்தை. சுவர்களின் மொத்த நீளம் 105 அடி. விலையை எழுதவில்லை, இது அச்சாகி வருவதற்குள் மாறிவிடும். அளவு மாறாது, அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளலாம்.

அத்திவாரக் கருங்கல் சுமார் 5 கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி). சுவர் உயரம் 9 அடி என்றால், கதவு யன்னல் கழித்து, முகடு வரை முக்கோணமாக எழும் இரு கோடிச் சுவர்களையும் சேர்த்து, 16க்கு 8 அங்குல முகமுள்ள 6 அங்குலச் சீமெந்துக் கல் 1,050. இதில் குறுக்குச் சுவரை முகடு வரை உயர்த்துவதும் அடக்கம். அந்த முக்கோணத்துக்குப் போவது 36 கல். அந்த 36 கல்லும் முகட்டு வளையைத் தாங்கி ஒரு தீராந்தியின் செலவை மிச்சப்படுத்தும். கல்லைத் தவிர்த்து மற்ற வேலைகளுக்குச் சீமெந்து ஏறத்தாழ 80 பை, மணல் நாலரைக் கியூப். லின்ரலைச் சுவர் முழுவதும் சுற்றி ஓடவிட்டால் 10 மில்லிமீற்றர் கம்பி, 20 அடி நீளத்தில் 24. கம்பியோடு கம்பி சேரும் ஒட்டு 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கூரைக்கு 12 அடிக் கைமரம் 30, அதன் மேல் ஓடு அடுக்கும் சிலாகை 670 அடி, ஓடு ஆயிரம். இதைவிட முகட்டோடு, முகட்டு வளை, சுவர்மரம்.

ஓட்டுக்குப் பதில் கூரைச் சீற் போட்டால் மரம் குறையும் என்பார்கள். குறையும்தான். ஆனால் சித்திரை வெயிலில் மத்தியானம் உள்ளே இருக்க முடியாது. குரங்கு ஏறி ஓடுகளைப் புரட்டும் காட்டோர ஊர்களில் மட்டும் சீற்றுக்கு நியாயம் உண்டு.

கணக்கெழுதும்போது எல்லோரும் மறப்பது அத்திவாரத்துக்குள் நிரப்பும் கிரவலை. தரையை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்தினால் இந்தச் சின்ன வீட்டுக்கே இறுக்கியபின் நாலு கியூப்புக்கு மேல் நிற்கவேண்டும், பறிப்பது ஐந்தைத் தாண்டும். உயரத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். 2018 மார்கழி வெள்ளம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எது வரை வந்தது என்று அயலில் கேட்டு, அதற்கு மேலே தரை மட்டத்தை வையுங்கள். கிரவலை அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடிக்காவிட்டால் அடுத்த மாரியில் தரை இறங்கிச் சுவரோரம் பிளக்கும்.

"ஒரு லோட்" என்று வாங்காதீர்கள். ரிப்பர் பெட்டியின் உள்ளளவை அடியில் அளந்து, நீளம், அகலம், நிரப்பிய உயரம் மூன்றையும் பெருக்கி நூறால் வகுத்தால் கியூப் வரும். 10 அடி நீளம், 6 அடி அகலப் பெட்டியில் 2 அடி உயரத்துக்கு மணல் இருந்தால் 1.2 கியூப். ஈர மணல் பொங்கி நிற்கும், காய்ந்தால் குறையும். மலிவாய்க் கிடைக்கிறது என்று கடலோர மணலையோ, பூநகரி போன்ற இடங்களில் உவர்க் கிணற்றுத் தண்ணீரையோ கொங்கிறீற்றுக்குப் பாவித்தால் சில வருடங்களில் லின்ரல் கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீற்றைத் தள்ளிவிடும்.

சீமெந்துக் கல்லை அச்சில் அரிவதை நீங்களே செய்தால் காசு மிஞ்சும். ஆனால் ஒரு பைக்கு 6 அங்குலக் கல் 20, 22க்கு மேல் இழுக்க வேண்டாம். அரிந்த கல்லை ஏழு நாளாவது நிழலில் ஈரமாக வைத்து, மூன்று கிழமைக்குப் பிறகே கட்டுக்கு எடுக்கவேண்டும். விலைக்கு வாங்கினால் இடுப்பளவில் இருந்து ஒரு கல்லைக் கீழே போட்டுப் பாருங்கள். பொடியாகிறதை ஏற்ற வேண்டாம்.

மண்தான் பெரிய விசயம். கிரவல் நிலத்தில் இரண்டரை அடி ஆழம் போதும். முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் கருங்களியிலும் குளத்துக்குக் கீழான வயற்கரைகளிலும் இந்தக் கணக்கு பிழையாகிப்போகும். அந்த மண் கோடையில் சுருங்கி வெடித்து, மாரியில் பொங்கும். அத்திவாரம் மேலும் கீழும் அசைய, யன்னல் மூலையில் இருந்து சரிவாக வெடிப்பு ஓடும். எத்தனை முறை பூசினாலும் அது திரும்பி வரும். ஆடி ஆவணியில் நிலம் வெடித்திருக்கும்போது ஒரு கம்பியை வெடிப்புக்குள் விட்டு ஆழம் பாருங்கள். கிடங்கு அதற்கும் கீழே போகவேண்டும். அடியில் மணலும் கிரவலும் போட்டு இறுக்கி, கருங்கல் கட்டின் மேலே நாலு கம்பி வைத்த கொங்கிறீற் வளையம் ஒன்று சுற்றி ஓடவேண்டும். இது இல்லாமல் களி நிலத்தில் கட்டுவதைவிட, அந்தக் காசுக்கு வேறு மேட்டுத் துண்டு பார்ப்பது நல்லது.

சீமெந்து வாங்க முதல் காணிப் பத்திரத்தைப் பாருங்கள். வன்னியில் பெரும்பாலான குடியேற்றக் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பு பெற்றவை. அப்பாவின் பேர்மிற் காணியில் மகளும் மருமகனும் கட்டுகிறார்கள், அப்பாவுக்குப் பிறகு காணிக்கு உரியவராக, அதாவது பின்னுரித்தாளியாகப் பதிந்திருப்பது மகளின் தம்பியின் பெயர். நாளைக்கு வீடும் அந்தப் பெயரோடு போகும். துண்டு பிரிக்க முடியுமா, பின்னுரித்தை மாற்ற முடியுமா என்று பிரதேச செயலகக் காணிப் பிரிவில் எழுத்தில் கேட்டபிறகே நாள்கல் வையுங்கள். மலசலகூடக் கிடங்கு கிணற்றுக்கு 50 அடி தள்ளி இருக்கவேண்டும், பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்து அளக்கவேண்டும்.

காசு வரும் காலமும் கட்டும் காலமும் இங்கே ஓரளவு ஒத்துப்போகின்றன. காலபோக நெல் மாசி பங்குனியில் காசாகும். அந்தக் காசில் அத்திவாரமும் சுவரும். சிறுபோகம் ஆவணியில் கைக்கு வரும், அது கூரைக்கு. ஐப்பசி மழைக்கு முன் ஓடு ஏறவேண்டும். ஏறாவிட்டால் அந்த வருடம் சுவரை லின்ரல் மட்டத்தோடு நிறுத்தி, மேல் வரிக் கல்லைச் சாந்தால் மூடிவையுங்கள். சம்பளக்காரர் சீட்டுப் பிடித்தால் எடுக்கும் மாதத்தைக் கூரைக்குப் பொருத்திக்கொள்ளலாம். கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடனில் வீட்டு வேலை தொடங்கவே வேண்டாம். வீடு கிழமைக்கு ஒரு சதமும் உழைத்துத் தராது. பூச்சும் சீலிங்கும் மாபிளும் குடியிருந்தபடி செய்யக்கூடியவை.

பிரதேச சபைகளிடம் ஒன்று கேட்கிறோம். 16 அடி அகலத்தில் இரண்டு கட்டமாக வளரும் மாதிரி வரைபடத்தை, பொருள் அளவுப் பட்டியலோடு தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கொண்டு தயாரித்து அலுவலகத்தில் கொடுங்கள். இரு கட்டத்துக்கும் ஒரே விண்ணப்பத்தில் அனுமதி கிடைத்தால், பெரிய அத்திவாரம் போடுவதற்குச் சொல்லும் சாட்டு ஒன்று குறையும்.

இரண்டாம் கட்டமாக 12 அடி நீட்டினால் 192 சதுர அடியில் இன்னோர் அறை வரும், 40 அடிச் சுவரும் 12 கைமரமும் செலவாகும். கிரவல் நிலம் என்றால் நீட்டப்போகும் பக்கத்துக் கோடிச் சுவரின் மூலைகளில் ஒரு வரி விட்டு ஒரு வரி அரைக் கல் வெளியே நீட்டி விடுங்கள். லின்ரல் கம்பியையும் 16 அங்குலம் வெளியே விட்டு, துருப்பிடிக்காமல் சீமெந்துப் பால் பூசி வையுங்கள். களி நிலத்தில் இதைச் செய்யக் கூடாது. புது அத்திவாரம் தனியே இறங்கும்போது பழைய சுவரையும் இழுத்து வெடிக்க வைக்கும். அங்கே இரண்டுக்கும் நடுவில் அரை அங்குல இடைவெளி விட்டுக் கட்டி, மேலே ஓடுகளை மட்டும் சேர்த்துவிடுங்கள்.

இரு மேசன்மாரும் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரும்,
கிளிநொச்சி.