ஆப்ப சோடா தோசை மாவுக்கு, தலைக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மகளிர் இணைப்பில் பட்டுப்போன்ற கூந்தலுக்கு என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. ஆப்ப சோடாவையும் எலுமிச்சைச் சாற்றையும் குழைத்துத் தலையில் தேய்த்து அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டுமாம். நான் பெருந்துறைப் பக்கம் சின்னதாக ஒரு பார்லர் நடத்துகிறேன். அந்த இணைப்பு வந்த வாரமே சீப்பு இறங்காத தலையோடு சிலர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், கேட்டால் "பேப்பர்லயே போட்டிருந்தாங்கக்கா" என்கிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது?

ஒரு முடியை விரல்களுக்கு நடுவே பிடித்து வேரிலிருந்து நுனி வரை உருவிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். திருப்பி நுனியிலிருந்து வேர்ப் பக்கம் உருவினால் லேசாகப் பிடிக்கும். முடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள், ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக நுனியைப் பார்த்து அடுக்கியிருப்பதுதான் காரணம். செதில் படிந்து கிடந்தால் வெளிச்சம் பட்டு முடி மினுங்கும், தூக்கிக்கொண்டால் ஒன்றோடொன்று மாட்டிச் சிக்கு விழும், தொட்டால் சொரசொரக்கும். காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்லை, சோப்பு, சோடாவில் இருக்கிற காரம்) உள்ளது எது பட்டாலும் முடி ஊதிச் செதில் தூக்கும், லேசான புளிப்பு பட்டால் படியும். இவ்வளவுதான் விஷயம். இப்போது அந்தக் குறிப்பைப் பாருங்கள், சோடா காரம், எலுமிச்சை புளிப்பு, இரண்டையும் சேர்த்தால் நுரைத்துப் பொங்கி ஒன்றை ஒன்று முறித்துவிடும். சோடா கூடிவிட்டால் காரம் மிஞ்சும், சாறு கூடிவிட்டால் தலைத்தோல் எரியும், அதோடு சரியாக அலசாமல் வெயிலில் போனால் சாறு பட்ட இடம் புண்ணாகவும் செய்யும். எதில் எவ்வளவு என்று குறிப்பில் அளவே இல்லை!

எங்கள் ஊர்ப் பக்கம் பாதித் தலைகளுக்குப் பிரச்சினையே தண்ணீர்தான். போர்த் தண்ணி, உப்புத் தண்ணி. குடிநீரில் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் சுண்ணாம்பு போன்ற உப்புகள், லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம், ஆனால் குளிக்கிற தண்ணீரை யார் அளந்து பார்க்கிறார்கள்? ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பு முடியிலும்தான் ஒட்டுகிறது. சோப்புப் போட்டால் இன்னும் மோசம், சுண்ணாம்போடு சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு எத்தனை சொம்பு ஊற்றினாலும் போகாது. சீயக்காய் சோப்பு என்று கடையில் விற்கிறார்களே, பேரில்தான் சீயக்காய், கட்டி சோப்பு என்றால் அதுவும் காரம்தான்.

வீட்டில் செய்யக்கூடியது ரொம்பச் சின்ன வேலை. தலையை அலசி முடித்த பிறகு ஒரு பெரிய சொம்புத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர், இல்லையென்றால் அரை மூடி எலுமிச்சைச் சாற்றை வடிகட்டிக் கலந்து முடியின் மேல் மெதுவாக ஊற்றி, ஓரிரு நிமிடம் விட்டு மறுபடி நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு கொஞ்சம் கழன்றுவிடும், செதிலும் படியும். வாரம் ஒரு முறை போதும், தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் வேண்டாம். கண்டிஷனர் போடுகிறவர்கள் அதையே தொடரலாம், அதுவும் புளிப்புப் பக்கம் சேர்ந்ததுதான். ஆனால் தலைத்தோலில் அப்பாமல் நுனிப் பக்கம் தடவுங்கள், இடுப்பு வரை முடி இருந்தால் அந்த நுனிக்கு நாலைந்து வயசாவது இருக்கும், தேய்ந்து கிடப்பது அதுதான்.

எங்கள் பாட்டிமார் சுடச்சுட வடித்த கஞ்சியில் சீயக்காய்த் தூளைக் கலக்கி, ஆறிய பிறகு தேய்த்துவிடுவார்கள். இப்போது யோசித்தால் பெரிய விஷயம் அது. சீயக்காய் லேசான புளிப்பு, அழுக்கையும் எடுக்கும், கஞ்சி முடிமேல் மெல்லிசாகப் பூசிக்கொள்ளும். தூளை மட்டும் நன்றாகச் சலித்துக்கொள்ள வேண்டும், திப்பி இருந்தால் அதுவே முடியை உரசும். கஞ்சியை நாள்கணக்கில் புளிக்க வைத்துத் தினமும் ஊற்றச் சொல்லி வீடியோ போடுகிறார்கள், அப்படிச் செய்து விறைத்த முடியோடும் நாற்றத்தோடும் வந்தவர்கள் உண்டு. முட்டை அதைவிடக் கொடுமை. முட்டையின் புரதம் முடிக்குள் நுழையாது, அத்தனை பெரிய மூலக்கூறு, மேலேயே நிற்கும். வெந்நீரில் அலசினால் அது தலையிலேயே வெந்து, தவிட்டுப் பொடி அளவில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும், பேன் சீப்பு போட்டு எடுத்துவிட வேண்டியதாகிறது.

எண்ணெய் விஷயத்தில் நம் பழக்கம் சரி. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி, குளிக்கும்போது புரதம் கழிந்து போவதைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்வதில்லை என்று மும்பையில் 2003இல் ஓர் ஆய்வு வந்தது. தேங்காய் எண்ணெய் விற்கிற கம்பெனிக்காரர்கள் செய்த ஆய்வுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் கையில் பார்க்கிற எனக்கு அது பொருந்தியே வருகிறது. குளிப்பதற்கு முந்தின இரவோ, ஒரு மணி நேரம் முன்போ வைத்தால் போதும்.

அப்புறம் துண்டு. ஈர முடியைத் துண்டால் பட்பட்டென்று அடிப்பதும், டர்க்கி டவலில் பரபரவென்று தேய்ப்பதும் வேண்டாம். ஈரிழைத் துண்டில் சுற்றி ஒற்றி எடுங்கள். ஈரம் இருக்கும்போது அயர்ன் வைக்கவே கூடாது, உள்ளே இருக்கிற தண்ணீர் கொதித்து முடிக்குள் கொப்புளம் கட்டிவிடும், அந்த இடத்தில் முடி ஒடியும்.

வீட்டுக் குறிப்பு சரிவரவில்லை என்றதும் நேராக ஸ்மூத்தனிங், அதாவது மருந்து தடவிச் சூடு வைத்து முடியை நீட்டிக்கொள்வது, செய்யப் போய்விடுகிறார்கள். சில மருந்துகளில் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயு வரும், அது புற்றுநோய் தரக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலம் போட்டுக்கொண்ட ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் பாதித்ததை 2024இல் பிரான்ஸ் மருத்துவர்கள் எழுதினார்கள். டப்பாவில் ஃபார்மால்டிஹைடு இல்லை என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து யாரும் உட்கார வேண்டாம், பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். என் தொழிலுக்கு நானே ஆப்பு வைக்கிறேன் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் திட்டினாலும் பரவாயில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டு. அழகுக் குறிப்பு எதுவானாலும் எவ்வளவு, எத்தனை நிமிடம், யாருக்குக் கூடாது என்ற மூன்றும் இல்லாமல் போடாதீர்கள். அந்தச் சோடாக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள், ஆறாம் பக்கத்து மூலையில் அல்ல, மகளிர் இணைப்பிலேயே, அதே அளவு எழுத்தில்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.