போனில் சொல்லாதது

ஈஸ்ட்ஹாம், லண்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வாயில் வருகிறது. ஸ்பீக்கரில் அப்பாவும் கேட்டுக்கொண்டிருக்கும்போது வேறென்ன சொல்ல? ஊருக்கு வரும் தோழி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். புலம்பலெல்லாம் இதில்தான்.

மசக்கை போய் இப்போது நெஞ்செரிச்சல். ஒரு கரண்டி ரசம் விட்டுக்கொண்டால்கூட ராத்திரி முழுக்கத் தொண்டையில் நிற்கிறது. குனிய முடியாததால் ஷூ லேஸை அவர்தான் கட்டிவிடுகிறார். தினமும் ஒரு கால் இறுக்கம், ஒரு கால் தொளதொள.

என் கோட்டில் பொத்தான் போட வரவில்லை. இந்தக் குளிருக்கு அவருடைய கோட்டை மாட்டிக்கொண்டு போகிறேன். அதற்குள் வயிறு இருப்பதே வெளியில் தெரியாது. இதற்கென்றே ரயில்காரர்கள் 'பேபி ஆன் போர்டு' என்று எழுதிய வட்ட பேட்ஜை இலவசமாகத் தருகிறார்கள். குத்திக்கொண்டு நின்றால் போதுமா, உட்கார்ந்திருப்பவர் போனிலிருந்து நிமிர வேண்டாமா? நம்ம ஊர் பஸ்ஸாக இருந்தால் பின் சீட்டுப் பாட்டி ஒன்று, "ஏப்பா, புள்ளத்தாச்சி நிக்குது, எந்திரி" என்று சத்தம் போட்டிருக்கும்.

போன வாரம் சர்க்கரை டெஸ்ட். நம் பக்கத்து ஆட்களுக்குச் சர்க்கரை வர வாய்ப்பு அதிகமாம், அதனால் 24லிருந்து 28 வாரத்துக்குள் பார்த்துவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். குமட்டலை அடக்கிக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை இல்லை.

20வது வார ஸ்கேனில், "ஆணா பெண்ணா, சொல்லட்டுமா?" என்று காபி வேண்டுமா என்பதுபோலக் கேட்டார்கள். நம்ம ஊரில் சொன்னால் குற்றம் என்று போர்டே மாட்டியிருப்பார்கள் இல்லையா, எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேண்டாம் என்றுவிட்டோம். அத்தையிடம் இதைச் சொல்லிவிடாதே.

படுத்தபடி புரண்டால் கொடி சுற்றிக்கொள்ளும், எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படு என்றாயே, மிட்வைஃபிடம் கேட்டேன். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, ஒருக்களித்துப் படுத்தால் போதும் என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனாலும் எழுந்து உட்கார்ந்துதான் திரும்புகிறேன். எழுந்தால் பாத்ரூம் வந்துவிடுகிறது. போய்வந்து படுத்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. எல்லாம் உன்னால்தான்.

தோழி திரும்பும்போது உப்பு நார்த்தங்காய் கொடுத்துவிடு. போன தடவை மாதிரி சின்ன டப்பாவில் வேண்டாம்.

உன் மகள்