முறுக்கு கம்பெனியில் இருந்து மீட்கப்பட்ட பையனுக்குப் பிற்காப்பு உதவி வேண்டியும், ஆள் பிடிக்கும் தரகர் மீது நடவடிக்கை வேண்டியும் நான்காவது மனு

அனுப்புநர்:
பையனின் வளர்ப்புத் தாய் (பெயர், முகவரி முந்தைய மனுக்களில் உள்ளபடி)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பார்வை: மார்ச், ஜூன், ஆகஸ்ட் மாதங்களில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நேரில் கொடுத்த மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வெளிமாநில முறுக்கு கம்பெனி ஒன்றில் இருந்து 14 வயதில் மீட்கப்பட்ட பையனை, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவுப்படி மூன்று ஆண்டுகளாக வளர்ப்புப் பராமரிப்பில் என் வீட்டில் வைத்திருக்கிறேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுப்பதால் அவன் பெயரை எழுதவில்லை. தங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. பிப்ரவரியில் அவனுக்கு 18 நிறைந்தது. மூன்று மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு மட்டுமே கிடைத்ததால் பணிவுடன் மறுபடி எழுதுகிறேன்.

1. 18 முடிந்ததும் வளர்ப்புப் பராமரிப்புத் தொகை நின்றுவிட்டது. அடுத்து அவனுக்குக் கிடைக்க வேண்டியது பிற்காப்பு உதவி, அதாவது 18 முடிந்த பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கும் வரை தரும் உதவி. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் என்று இருக்கிறது, 21 வயது வரை. கேட்டால், "அது இல்லத்தில் இருந்து வெளியே வந்த பிள்ளைகளுக்குத்தானம்மா, இவன் உங்க வீட்டில் வளர்ந்தவன்" என்கிறார்கள். என்னிடம் வருவதற்கு முன்னால் ஏழு மாதம் இல்லத்தில்தான் இருந்தான், பதிவேடு இருக்கிறது. ஒரு வீட்டில் சோறு தின்றான் என்பதற்காகவா அவனுக்கு உதவி இல்லை?

2. கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்டவன் என்பதற்கான விடுதலைச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. அது இல்லாததால் 30,000 ரூபாய் வரை தரும் உடனடி உதவியும் இல்லை.

3. ஐயா, மற்றதை எல்லாம் விட்டுவிட்டாலும் இதை மட்டும் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். அவன் விரல்களைப் பற்றி எழுதுகிறேன். விடிகாலை மூன்று மணிக்கு எழுப்பி, எண்ணெயில் இருந்து வந்த முறுக்கைச் சூடு ஆறும் முன்பே எடுத்து அடுக்க விட்டிருக்கிறார்கள். இரண்டு வருடம். பத்து விரல் நுனியும் வழவழவென்று ஆகிவிட்டது, ரேகை என்று ஒன்றும் இல்லை. ஆதார் மையத்தில் விரலை வைத்தால் இயந்திரம் ஏற்பதில்லை. ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார்கள், துடைத்தோம். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு மறுநாள் வரச் சொன்னார்கள், தடவிக்கொண்டு போனோம். ஆறு முறை போய்விட்டோம். ஆதார் சரியாகாமல் வங்கிக் கணக்கு இல்லை, வங்கிக் கணக்கு இல்லாமல் எந்த உதவித் தொகையும் இல்லை, ஐ.டி.ஐ. உதவித் தொகை உட்பட. ஆறாவது முறை வெளியே வந்து படியில் உட்கார்ந்து, "பெரியம்மா, என் கை செத்துப்போச்சா?" என்று கேட்டான். நான் என்ன பதில் சொல்வேன் ஐயா? விரல் பதியாதவர்களுக்குக் கருவிழியை வைத்துச் சரிபார்க்க ஆதாரிலேயே வழி இருக்கிறது. செய்யச் சொல்லி ஒரு உத்தரவு போதும். அந்த ஒரு உத்தரவுக்காக மார்ச்சில் இருந்து நடக்கிறேன்.

4. அவனை முதலில் கூட்டிப்போன அதே தரகர் அவனுடைய 18-ஆவது பிறந்தநாள் முடிந்த வாரமே போன் செய்தார். "இப்போ நீ மேஜர், யாரும் கேட்க முடியாது, பத்தாயிரம் அட்வான்ஸ் கையில்" என்றாராம். அலுவலகத்துக்குத் தெரியாத பிறந்தநாள் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் கைரேகை கேட்பதில்லை. ரொக்கமாகக் கொடுக்கிறார். பையன் போகவில்லை. இன்னும் எத்தனை மாதம் போகாமல் இருப்பான் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

5. தரகர் நிற்கும் இடம் தாங்கள் அறிந்ததுதான். பேருந்து நிலையத்தின் பின்வாசல், கட்டணக் கழிப்பறைக்கு எதிரே உள்ள டீக்கடை. சென்ற மாதம் நாங்கள் இருவரும் பார்த்தோம்: மூன்று சிறுவர்கள், புதுச் சட்டை, ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை, டிக்கெட்டும் போனும் அவர் கையில். எந்த ஊர் போகிறாய் என்றால் தெரியவில்லை. வயது கேட்டால் மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு 18 என்றார்கள். "என்னையும் இப்படித்தான் சொல்லச் சொன்னாங்க" என்று பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்தோம், விவரத்தை எழுதிக்கொண்டார்கள். ஓடிப்போய்ச் சொன்ன காவல் நிலையத்திலோ, "இது எங்க எல்லை இல்லை" என்றார்கள். பேருந்து கிளம்பிவிட்டது. எல்லை எதுவானாலும் புகாரை வாங்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. ஆள் கடத்தல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவில் குற்றம். யாருக்குத் தெரியும் இதெல்லாம் அங்கே? நடத்துநர்களுக்கும், டீக்கடைக்காரருக்கும், கழிப்பறையில் காசு வாங்கும் அம்மாவுக்கும் என்ன பார்க்க வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு நாள் சொல்லிக்கொடுங்கள். அந்த மூன்று பிள்ளைகளையும் தேடுங்கள் ஐயா. பேருந்து எண்ணை ஆகஸ்ட் மனுவிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

6. கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது: கருவிழி வைத்து ஆதாரைச் சரிசெய்யும் உத்தரவு, பிற்காப்பு உதவி, விடுதலைச் சான்றிதழ், தரகர் மீது வழக்கு. முதலில் அந்த உத்தரவு. தயவுசெய்து முதலில் அந்த உத்தரவு.

வரும் திங்கட்கிழமை பையனோடு வரிசையில் நிற்பேன். அவன் கையைத் தாங்களே ஒரு முறை பார்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பையனின் வளர்ப்புத் தாய்