கடைசி இருபது நிமிஷம்

அன்புக் கண்ணுவுக்கு,

ஃபுட்பால் கிளப்பில் உன்னை மாற்று ஆட்டக்காரியாகப் பெஞ்சிலேயே உட்கார வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். முதல் சீசனில் ஒரு ஸ்ட்ரைக்கருக்கு, அதாவது கோல் அடிக்க முன்வரிசையில் நிற்பவளுக்கு, கிடைப்பது பெரும்பாலும் கடைசி இருபது நிமிஷம்தான். அதற்குள் கோல் விழுந்ததா என்பதைவிட, நீ எங்கே நிற்கிறாய் என்றுதான் கோச் பார்ப்பார்.

வேலை பெஞ்சிலேயே ஆரம்பிக்கிறது. எதிரணியில் கோலுக்கு முன்னால் நடுவில் காவல் நிற்கும் சென்டர் பேக் இரண்டு பேரில் மஞ்சள் அட்டை வாங்கியது யார், திரும்பி ஓடத் திணறுவது யார் என்று கவனி. இறங்கியதும் அவள் பக்கம் போ. அவள் கண்ணெதிரே நிற்காதே, தோளுக்குப் பின்னால் நில். பந்தையும் உன்னையும் அவளால் ஒருசேரப் பார்க்க முடியக் கூடாது. ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்து (கிராஸ்) வருகிறதா, ஃபார் போஸ்ட் பக்கம், அதாவது பந்துக்குத் தூரத்துக் கோல் கம்பம் பக்கம், இரண்டு எட்டு வை. அவள் தலை பந்துப் பக்கம் திரும்பும் நொடியில் அவளுக்கு முன்னால் வெட்டி, பந்துக்குப் பக்கத்துக் கம்பமான நியர் போஸ்டுக்குப் பாய்.

நீ அடிக்கடி ஆஃப்சைடில் (பாஸ் கிளம்பும் நொடியில் எதிரணியின் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நிற்பது) மாட்டுவதற்குக் காரணம் அவசரம் மட்டுமில்லை, நேர்கோட்டில் ஓடுவதும்தான். பாஸ் கொடுப்பவள் பந்தைப் பார்த்துத் தலை குனியும்வரை டிஃபெண்டர்கள் வரிசைக்கு இணையாகவே ஓடு, பிறகு வளைந்து உள்ளே போ. இன்னொன்று: த்ரோ-இன்னில், அதாவது ஓரக் கோட்டிலிருந்து கையால் எறியும்போது, நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. விளையாடுகிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விதி, ஆனாலும் பலர் பழக்கத்தில் டிஃபெண்டர்களுக்கு முன்னால் திரும்பி வந்துவிடுகிறார்கள்! நீ டிஃபெண்டர்களுக்குப் பின்னாலேயே நில்.

பக்கவாட்டிலிருந்து அடிக்கும்போது தரையோடு ஃபார் போஸ்டைப் பார்த்து அடி. கீப்பர் தட்டினாலும் பந்து உன் தோழியின் காலுக்கு வர வாய்ப்புண்டு. நியர் போஸ்டில் தட்டினால் பெரும்பாலும் கார்னரோடு போச்சு. பந்து கம்பிக்கு மேலே பறந்தால் பலத்தைக் குறை சொல்லாதே. ஊன்று கால் பின்தங்கியிருக்கும், உடம்பு பின்னால் சாய்ந்திருக்கும். ஊன்று கால் பந்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்.

எனக்கு உண்மையான கவலை உன் முழங்கால்தான். முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அதுவும் பெரும்பாலும் யாரும் இடிக்காமலே, குதித்து இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ முட்டி உள்பக்கம் மடங்கிப் போய்விடுகிறது. 2018-இல் பெண்களுக்கான முதல் பாலன் டி'ஓர் (ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான விருது) வாங்கிய நார்வேயின் அடா ஹேகர்பெர்க் 2020 ஜனவரியில் ஏசிஎல் கிழிந்து, 2021 அக்டோபரில்தான் களத்துக்குத் திரும்பினார். உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபாவின், அடிபடாமல் தடுக்கும் 11 ப்ளஸ் வார்ம்-அப் மொத்தம் இருபது நிமிஷம்தான். வாரத்தில் இரண்டு தடவையாவது செய், அதில் தொடையின் பின்தசைக்கான (ஹாம்ஸ்ட்ரிங்) பயிற்சியை மட்டும் தாண்டி ஓடாதே. குதித்து இறங்கினால் முட்டி கால்விரல் நேரே நிற்கிறதா என்று ஃபோனில் முன்பக்கமிருந்து வீடியோ எடுத்துப் பார். செயற்கைப் புல்லில் அடியில் நீளக் குமிழ் (ஸ்டட்) வைத்த பூட்ஸ் வேண்டாம். கால் புல்லில் சிக்கி நின்றுவிடும், உடம்பு மட்டும் திரும்பும். மாதவிடாய் நின்று போனால், "பயிற்சி அதிகம், அதனால்தான்" என்று விட்டுவிடாதே. உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம், எலும்பும் பலவீனமாகும். டீம் டாக்டரிடம் சொல்.

கிளப்போடு கையெழுத்துப் போடும் முன், ஒப்பந்த விஷயம் சுருக்கமாக. ஃபிஃபா விதிப்படி, மருத்துவப் பரிசோதனையில் பாஸானால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போடக் கூடாது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், எழுத்தில் கேட்டு, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்த பிறகு நீ ஒப்பந்தத்தை முறிக்கலாம். ஒப்பந்தம் முடிய ஆறு மாதமோ அதற்குக் குறைவோ இருந்தால் வேறு கிளப்போடு கையெழுத்துப் போடலாம். கிளப் தன் விருப்பத்துக்கு இன்னொரு வருஷம் நீட்டிக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறதா பார். இருந்தால் அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பு, கையெழுத்து அப்புறம் போடலாம்.

அப்பா