சின்ன 2, பெரிய 2

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பில் வேதிச் சமன்பாடு எழுத ஆரம்பித்திருக்கிறோம், அதாவது சேரும் பொருள்களை இடப்பக்கமும் உண்டாகும் பொருளை வலப்பக்கமும் எழுதுவது. பிள்ளைகள் வீட்டில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு முழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேதியியல் படிக்காதவர்களும் இதைப் படியுங்கள், எண்ணத் தெரிந்தால் போதும்.

நேற்று ஒரு நோட்டைத் திருத்தினேன். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் உண்டாவதற்குச் சமன்பாடு எழுத வேண்டும். இடப்பக்கம் ஆக்சிஜன் அணு இரண்டு, வலப்பக்கம் எச் டூ ஓ-வில் ஒன்றுதான், கணக்கு உதைக்கிறது. அந்தப் பிள்ளை அழித்து அழித்துத் தாளே மெலிந்துபோன இடத்தில், கடைசியில் ஓ-வின் காலடியில் ஒரு சின்ன 2 போட்டிருந்தது. எண்ணிக்கை சரியாகிவிட்டது, ஆனால் தண்ணீர் போய் ஹைட்ரஜன் பெராக்சைடு வந்துவிட்டது! முடியையும் துணியையும் வெளுக்க வைக்கிற பொருள் அது, குடிக்கவே கூடாது.

கீழே நிற்கும் சின்ன எண் அந்தப் பொருள் எது என்று சொல்கிறது, அதில் கைவைக்கக் கூடாது. முன்னால் போடும் பெரிய எண் அது எத்தனை என்று சொல்கிறது, அதை மட்டும்தான் மாற்றலாம். தண்ணீருக்கு முன்னால் 2 போட்டால் ஆக்சிஜன் சரியாகும், ஹைட்ரஜன் நான்காகிவிடும், அதனால் இடப்பக்க ஹைட்ரஜனுக்கு முன்னாலும் ஒரு 2. அவ்வளவுதான்.

சரி, இரண்டு பக்கமும் ஏன் சமமாக இருக்க வேண்டும்? வேதிவினையில் அணுக்கள் இடம் மாறிச் சேருமே தவிர, புதிதாக முளைப்பதும் இல்லை, காணாமல் போவதும் இல்லை. அதனால் வினைக்கு முன்னும் பின்னும் மொத்த எடை மாறாது, 1789-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் தன் நூலில் எழுதிவைத்த விஷயம் அது. மெக்னீசியம் நாடாவை எரித்தால் எடை குறையும் என்றுதான் வகுப்பில் பாதிப் பேர் சொன்னார்கள். 24 கிராம் மெக்னீசியம் முழுதாக எரிந்தால் காற்றிலிருந்து 16 கிராம் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு 40 கிராம் வெள்ளைப் பொடியாகிறது என்றதும் அப்படி ஒரு அமைதி, எனக்கு ரொம்பப் பிடித்த நிமிடம் அது.

பல பிள்ளைகள் தடுமாறுவது சமன் செய்வதில்கூட இல்லை, அதற்கு முந்தைய படியில். ஓர் அணு எத்தனை பிணைப்புகளை ஏற்படுத்தும் என்கிற இணைதிறன் தெரியாமல், எச் டூ ஓ போன்ற வேதி வாய்பாட்டைத் தப்பாக எழுதிவிட்டால் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் கணக்கு வராது. அதனால் முதலில் வாய்பாட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய 7 தனிமங்களும் தனியாக வரும்போது ஜோடியாகத்தான் எழுத வேண்டும், இதை மனப்பாடம் செய்யட்டும். சமன்பாடுகளையே உருப்போட வைக்காதீர்கள், புதிதாக ஒன்று கேட்டதும் நின்றுவிடுகிறார்கள்.

வீட்டில் இரண்டு நிறப் பொத்தான்களைக் கொடுத்து அணுக்களாக அடுக்கச் சொல்லுங்கள். "இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை?" என்று கேளுங்கள், விடையை மட்டும் நீங்கள் சொல்லிவிட வேண்டாம். அழித்து எழுதினால் திட்டாதீர்கள். அப்புறம், வரும் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு ஆய்வகத்தைத் திறந்து வைக்கிறோம், பிள்ளையின் நோட்டோடு வாருங்கள், எந்த இடத்தில் இடறுகிறது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்