தட்டைப்புழுவுக்கு மருந்து ஊற்றும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டில் கடல்மீன் தொட்டி வைப்பது பற்றிச் சென்ற ஞாயிறு வந்த பக்கத்தைப் படித்தேன். உப்பு அளவு, விளக்கு, பம்பு எல்லாம் இருந்தது. தொட்டிக்குள் வந்து பெருகும் தட்டைப்புழு பற்றி ஒரு வரி இல்லை. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன், அதனால் எழுதுகிறேன்.

வண்ணார்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் 70 லிட்டர் தொட்டி. கல் பவளம் வைக்கச் சட்டம் இடம் தராது. செயற்கைப் பாறை, காளான் மாதிரி விரியும் மெத்தென்ற கடல் உயிர்கள் கொஞ்சம், இரண்டு கோமாளி மீன், அவ்வளவுதான். கடையில் வாங்கிய ஒரு காளானோடு புழுவும் வந்துவிட்டது. துருப்பிடித்த நிறம், வால் பக்கம் மூன்று முனை. ஒரு சட்டைப் பொத்தானில் இரண்டு மூன்று அடங்கும். பாசி என்று நினைத்து விட்டுவிட்டேன். ஒன்றரை மாதத்தில் காளான்களின் மேல் போர்வை மாதிரி படர்ந்துவிட்டது. வெளிச்சம் படாமல் அவை சுருங்கிப்போயின.

கடைக்காரர் ஒரு மருந்தைக் கொடுத்தார். ஊற்றினேன். அரை மணி நேரத்தில் புழுக்கள் சுருண்டு உதிர்ந்தன. அப்புறம் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் இரண்டும் போய்விட்டன. என் மகள் அன்று இரவு சாப்பிடவே இல்லை. இந்தப் புழு சாகும்போது உடம்பிலிருந்து விஷம் கசியும். நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் செத்தால் சின்னத் தொட்டி தாங்காது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்போதும் புழு முழுசாகப் போகவில்லை, மறுபடி பெருகியது. இந்த முறை அவசரப்படவில்லை. புழுவின் உடம்புக்குள்ளேயே பாசி குடியிருக்கிறது. அதனால் வெளிச்சம் விழும் இடத்துக்குத் தேடி வரும். மதியம் விளக்கு நன்றாக எரியும்போது, நீரோட்டம் குறைந்த மூலையில் கூட்டமாக ஒட்டியிருக்கும். அப்போது காற்று மோட்டாரின் மெல்லிய குழாயால் உறிஞ்சி, பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டினேன். பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், துண்டானதும் பிழைத்துக்கொள்ளும். தினமும் கால் மணி நேரம், மூன்று வாரம். ஒன்றிரண்டுதான் கண்ணில் படுகிறது என்ற பிறகே மருந்து. அதற்கு முன்பே உப்புக் கலந்த புதுத் தண்ணீர் 30 லிட்டரும், தண்ணீரில் உள்ள விஷத்தை ஈர்க்கும் கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) பை ஒன்றும் தயாராக வைத்திருந்தேன். புழு உதிர உதிர உறிஞ்சி, தண்ணீரை மாற்றி, கார்பனைப் போட்டேன். புதிதாக விட்ட மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மிஞ்சியதற்காக ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை ஊற்றினேன்.

ராஸ் மீன் விட்டால் தின்றுவிடும் என்பார்கள். சில தின்னும், சில திரும்பியும் பார்க்காது. அதை நம்பி இருக்க வேண்டாம். இப்போது எதை வாங்கினாலும் தனி வாளியில் சில வாரம் வைத்து, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே தொட்டிக்குள் விடுகிறேன்.

உறிஞ்சிய புழுவை வாய்க்காலில் கொட்ட வேண்டாம். நல்ல தண்ணீர் வாளியில் போட்டால் அங்கேயே செத்துவிடும். மருந்து விற்கிறவர்களும் புட்டியைக் கொடுக்கும்போது, முதலில் உறிஞ்சி எடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரர்,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி.