கார் சார்ஜிங் பாயின்ட் போடும் முன் எர்த்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுச்சேரியில் எட்டு, பத்து வீடுகள் கொண்ட அடுக்குமாடிகளில் மின்சாரக் கார் வந்து நின்றதும், தரைத்தளத்தில் தண்ணீர் மோட்டார் பக்கத்தில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் சார்ஜரைச் செருகிவிடுகிறார்கள். அது பொது சர்வீஸ், அதாவது எல்லோருக்கும் சேர்த்து ஒரே மீட்டர் என்பதால் பில் பிரச்சினை வருகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து அந்தப் பிளக்கிலேயே இருக்கிறது. கீசர் கால் மணி நேரம் ஓடி நிற்கும். பேட்டரி காலியான கார் 15 ஆம்பியரை எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். உள்ளே திருகு சற்றுத் தளர்ந்திருந்தாலும் சூடேறி, துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழும். அதைப் பார்த்த அன்றே சாக்கெட்டை மாற்றிவிட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

சிறிய கட்டடத்துக்கு நல்ல வழி, அவரவர் வீட்டு மீட்டரிலிருந்து அவரவர் காருக்குத் தனி லைன். பில் தகராறே வராது. வீட்டு இணைப்புக்கு அனுமதித்த லோடு போதாவிட்டால் முதலில் மின்துறையில் எழுதிக் கொடுத்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, சார்ஜிங்குக்கென்றே தனி இணைப்பும் கேட்கலாம்.

சார்ஜர் 3.3 கிலோவாட் போதும். தினம் 40 கி.மீ. ஓடும் காருக்குச் சுமார் 6 யூனிட். இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். 20 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), 4 சதுர மி.மீ. செம்புக் கேபிள் போதுமானது. 7.4 கிலோவாட் சார்ஜர் பாக்ஸ் என்றால் 40 ஆம்பியர் எம்சிபியும் 6 சதுர மி.மீ. கேபிளும் வேண்டும். அதுவும் 30 மீட்டர் ஓடினால் ஏறத்தாழ 7 வோல்ட் இறங்கும். அதற்கு மேல் தூரமென்றால் 10 சதுர மி.மீ. போட வேண்டும். ஒன்பது வீடுள்ள கட்டடத்தில் எல்லா வீட்டிலும் கார் வந்தால் முதல் முறையில் சுமார் 30 கிலோவாட், இரண்டாவதில் சுமார் 67. பழைய மெயின் கேபிள் எதைத் தாங்கும் என்பதை இப்போதே பார்க்க வேண்டும். 3.3 கிலோவாட்டிலும் மெயினில் வரும் மூன்று ஃபேஸில் ஃபேஸுக்கு மூன்று காராகப் பிரித்தால் 45 ஆம்பியர்; ஒரே ஃபேஸில் ஐந்து கார் சேர்ந்தால் 75. இரவில் ஏசியும் ஓடும்போது ஃபியூஸ் போவது இதனால்தான்.

எர்த் விஷயத்தில் நடப்பது கொடுமை. எர்த் சரியில்லை என்று சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தால், சிலர் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுகிறார்கள். விளக்கு பச்சையாகிவிடும், காரும் சார்ஜ் ஆகும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கார் பாடி முழுக்க 230 வோல்ட் வரும். ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் இந்த இணைப்பால் ட்ரிப் ஆகும். உடனே அதையும் கழற்றிவிடுகிறார்கள். யாரும் இதைச் செய்ய விடாதீர்கள். ஒவ்வொரு லைனுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தனியாக இருக்க வேண்டும். அதுவும் ‘ஏ’ டைப். வீடுகளில் வழக்கமாக உள்ள ‘ஏசி’ (மாறு மின்னோட்டம்) டைப், காரிலிருந்து கசியும் டிசி (நேர் மின்னோட்டம்) மின்சாரத்தால் மந்தமாகி, வேண்டிய நேரத்தில் விழாமல் போகலாம்.

கடலோர உப்பில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) எர்த் பைப் சீக்கிரம் அரித்துப்போகும். செம்பு பூசிய ராடு மேல். எர்த் ரெசிஸ்டன்ஸை (எர்த் வழியில் மண் தரும் மின்தடை; குறைவாக இருந்தால்தான் நல்லது) ஐப்பசி, கார்த்திகையில் அளந்தால் ஈர மண்ணில் நன்றாகத்தான் காட்டும். மே மாதத்தில் அளந்து பாருங்கள்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையில் ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். சாக்கெட், எம்சிபி பெட்டி எல்லாம் அந்த மட்டத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் மீட்டர் போர்டிலிருந்து ஒவ்வொரு பார்க்கிங் தூணுக்கும் ஒரு காலிக் குழாயை, உள்ளே இழுவைக் கம்பியோடு, பூச்சு வேலைக்கு முன்பே போட்டு வைக்க வேண்டும்.

— மின் பணி ஒப்பந்ததாரர் ஒருவர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி